ஹேலோ யாருடையது?

அன்புள்ள ஐயா,

பதினாறு வயதில் மைக்ரோசாஃப்டின் கேம் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360 வாங்கியதிலிருந்து நான் எக்ஸ்பாக்ஸ் ஆள். தம்பி சோனியின் பிளேஸ்டேஷன். இதற்காக வீட்டில் நடந்த சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. 2025 அக்டோபரில், எக்ஸ்பாக்ஸின் அடையாளமான ஹேலோ கேம் பிளேஸ்டேஷன் 5க்கும் வருகிறது என்று அறிவித்தார்கள். அன்று முழுக்க தம்பி வாட்ஸாப்பில் கிண்டல்தான். எனக்கு நிஜமாகவே மனசு வலித்தது. முப்பத்தைந்து வயதில் இது சின்னப்பிள்ளைத்தனமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. பதினாறு வயதில் நம் வீடுகளில் ஒரு கன்சோல் வாங்குவதே பெரும்பாடு. அப்பாவிடம் மாதக்கணக்கில் கெஞ்சி வாங்கிய பிறகு, அதுதான் உலகத்திலேயே சிறந்தது என்று வாதாடாமல் எப்படி இருக்க முடியும்? அப்புறம் இத்தனை வருடங்களில் காசு கொடுத்து இறக்கிய கேம்கள், சேர்ந்து விளையாடிய நண்பர்களின் பட்டியல் எல்லாம் அந்த ஒரே கணக்கில் கிடக்கின்றன, அவற்றை அப்படியே தூக்கிக்கொண்டு தம்பியின் பெட்டிக்குப் போய்விட முடியாது. உங்கள் வலிக்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் ஹேலோவின் கதையை முதலிலிருந்து பாருங்கள். 1999இல் அதை மேடையில் அறிமுகம் செய்தவர் ஸ்டீவ் ஜாப்ஸ், ஆப்பிளின் மேக்வேர்ல்ட் விழாவில். ஆப்பிளின் மேக் கணினி வைத்திருந்தவர்கள் நமக்கும் ஒரு பெரிய கேம் வருகிறது என்று காத்திருந்தார்கள். அடுத்த வருடமே, அதை உருவாக்கிக்கொண்டிருந்த பங்கி நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது, 2001 நவம்பரில் ஹேலோ எக்ஸ்பாக்ஸின் முகமாக வெளிவந்தது. இன்று நீங்கள் படும் பாட்டை அன்று மேக்காரர்கள் பட்டார்கள். பங்கி பிறகு மைக்ரோசாஃப்டிடமிருந்து பிரிந்தது, 2022இல் அதை வாங்கியது யார் தெரியுமா? சோனி!

இன்னொரு கன்சோல் கம்பெனியான சேகாவின் ரசிகர்கள் பட்டது இதைவிடப் பெரிய அடி. போட்டிக் கம்பெனியான நின்டென்டோவால் முடியாததை எங்கள் ஜெனிசிஸ் கன்சோல் செய்யும் என்று அமெரிக்காவில் விளம்பரம் போட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் சண்டையைச் சொல்லிக்கொடுத்ததே சேகாதான். 2001 ஜனவரியில் தங்கள் ட்ரீம்காஸ்ட் கன்சோலை நிறுத்துவதாக அறிவித்தார்கள், அந்த வருடம் முடிவதற்குள் சேகாவின் நாயகன் சோனிக் நின்டென்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. பத்து வருடம் சோனிக்கா நின்டென்டோவின் மரியோவா என்று பள்ளிக்கூடத்தில் மல்லுக்கு நின்ற பிள்ளைகளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் நண்பர் ஒருவர் இன்னும் ட்ரீம்காஸ்ட் வைத்திருக்கிறார். அதன் கன்ட்ரோலரில் சின்னத் திரை உள்ள ஒரு மெமரி கார்டைச் செருக வேண்டும். அதற்குள் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டால், ஆன் செய்யும்போதெல்லாம் கீச்சென்று கத்தும். அவர் பேட்டரியை மாற்றுவதே இல்லை, அந்தச் சத்தம் கேட்டால்தான் விளையாட உட்கார்ந்த மாதிரி இருக்கிறதாம். எனக்கு இந்த விசுவாசம் ரொம்பப் பிடிக்கும். அது அவருக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் உள்ளது, கம்பெனிக்கு அதில் வேலையே இல்லை. உங்களுக்கும் ஹேலோவுக்கும் நடுவில் இருப்பதும் அப்படித்தான். அதை யாரும் பிளேஸ்டேஷனுக்கு மாற்ற முடியாது.

ஒன்று கேட்கிறேன். எக்ஸ்பாக்ஸில் இருப்பவரும் பிளேஸ்டேஷனில் இருப்பவரும் இணையத்தில் சேர்ந்தே விளையாடலாம் என்றும் அந்த அறிவிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். தம்பியைக் கூப்பிடுங்கள். ஹேலோவில் கடற்கரையில் இறங்கிச் சுடும் அந்தக் கட்டத்தில் அவன் எப்படியும் திணறுவான். வழி உங்களுக்குத்தான் தெரியும்.