பில்லைக் கொண்டாங்க, பார்ப்போம்

வாசகர் கேள்வி – பதில்: காரும் காகிதமும்

"ஒர்க்‌ஷாப் பில்லில் சந்தேகம் இருந்தால் நகல் எடுத்து அனுப்புங்கள்" என்று போன இதழில் ஒரு வரி எழுதினேன். தபால்காரர் என்னைத் திட்டாத குறை. பழங்காநத்தத்தில் ஒரு ஷெட்டில் கிரீஸ் துடைக்கும் பையனாகச் சேர்ந்து, பிறகு பெரிய ஒர்க்‌ஷாப்களில் சர்வீஸ் அட்வைசராக உட்கார்ந்து, வண்டியில் பார்க்க வேண்டிய வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டு எழுதியே 27 வருஷத்தை ஓட்டியவன் நான். கவுன்டருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்பது ஓரளவு தெரியும். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

பள்ளி ஆசிரியை, திருமங்கலம்: 40,000 கிலோமீட்டர் சர்வீசுக்கு வண்டியை விட்டேன். 8,500 ரூபாய் ஆகும் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். மதியம் போன் செய்து, முன் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது, மாற்றவா என்று கேட்டார்கள். சரி என்றேன். சாயங்காலம் போனால் 14,716 ரூபாய் பில். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், கேள்வி கேட்கக் கூச்சமாக இருந்தது. கட்டிவிட்டு வந்துவிட்டேன். ஏமாந்துவிட்டேனா? பில், எஸ்டிமேட், பேட் வந்த அட்டைப்பெட்டியின் படம் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

பாதி ஏமாந்திருக்கிறீர்கள் டீச்சர். அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி வந்தீர்களே, அதற்கே உங்களுக்கு நூற்றுக்கு ஐம்பது மார்க் போடலாம்.

எஸ்டிமேட்டுக்கும் பில்லுக்கும் வித்தியாசம் 6,216 ரூபாய். அதில் பிரேக் பேட் நீங்கள் சம்மதித்த வேலை. பேட் 2,360, மாற்றுகிற லேபர் 650, லேபருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 117. ஆக 3,127 ரூபாய் நியாயமான கூடுதல். அதை விட்டுவிடுவோம். மிச்சம் 3,089 ரூபாயைத்தான் தோண்ட வேண்டும்.

பெட்டியின் படத்தைப் பாருங்கள். அதிகபட்ச சில்லறை விலை ரூ. 2,360, எல்லா வரிகளும் உட்பட என்று அச்சடித்திருக்கிறது. இப்போது பில்லைப் பாருங்கள். அதே 2,360-ஐ அடிப்படை விலையாகப் போட்டு, அதன் தலையில் மத்திய வரி 9, மாநில வரி 9 என்று இன்னொரு 424 ரூபாய் 80 காசை ஏற்றியிருக்கிறார்கள். பெட்டியில் இருப்பதே வரி சேர்ந்த விலை. பில்லில் அடிப்படை விலை 2,000, வரி 360, மொத்தம் 2,360 என்று வந்திருக்க வேண்டும். உறையிட்டு விற்கும் பொருளை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது என்பது எடையளவுச் சட்டம். சரிபார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும்: பெட்டி விலையை 1.18-ஆல் வகுங்கள். அந்த எண் பில்லின் அடிப்படை விலைக் கட்டத்தில் இருக்கிறதா, அதைவிடக் குறைவா என்று பாருங்கள். கூடுதலாக இருந்தால் கேளுங்கள். சில இடங்களில் கம்ப்யூட்டரில் விலையை ஏற்றிய பையன் செய்த தப்பாகவும் இருக்கும். எப்படியானாலும் பணம் உங்களுடையது.

அடுத்தது ஆயில். உங்கள் காரின் கையேட்டில் ஃபில்டரோடு மாற்றினால் 3.1 லிட்டர் என்று இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பில்லில் 4 லிட்டர். வரியோடு லிட்டர் 600 என்றால், உங்கள் இன்ஜினுக்குள் போகாத 900 மில்லிக்கு 540 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். டிரம்மிலிருந்து பிடித்து ஊற்றுகிற இடத்தில் 3.1 என்றே பில் போட முடியும். சீல் வைத்த கேன் உடைத்தார்கள் என்றால் மிச்ச ஆயிலோடு அந்த கேன் உங்கள் டிக்கியில் இருந்திருக்க வேண்டும். இருந்ததா?

லேபர் பகுதியில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. பேட் மாற்ற 650, பிரேக் சுத்தம் செய்ய 450, வீல் கழற்றி மாட்ட 300. வீலைக் கழற்றாமல் பேட் மாற்றும் வித்தையை 27 வருஷத்தில் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று கம்பெனிகள் ஒரு அட்டவணை வைத்திருக்கும். அந்த நேரத்தை மணிக்கூலியால் பெருக்குவதுதான் லேபர். பேட் மாற்றும் நேரத்துக்குள் வீல் கழற்றுவதும் அடக்கம். கிளட்ச் வேலையிலும் இதே கதை நடக்கும்: கியர் பாக்ஸ் இறக்கி ஏற்ற ஒரு லேபர், கிளட்ச் பிளேட் மாற்ற ஒரு லேபர், ரிலீஸ் பேரிங் மாற்ற இன்னொன்று. கியர் பாக்ஸை இறக்கிய பிறகு பேரிங் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். ஒரே இடத்தைத் திறப்பதற்கு இரண்டு கூலி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மெக்கானிக் படிப்பு வேண்டாம். ஆனால் அந்த 450-ஐ நான் குறை சொல்ல மாட்டேன். அது எஸ்டிமேட்டிலேயே இருக்கிறது. பின் டிரம்மையும் கழற்றித் தூசி எடுத்திருந்தால் அது உழைத்து வாங்கிய காசு. வீலுக்குப் போட்ட 300-ம் அதன் வரியும் சேர்ந்து 354 ரூபாய்தான் தண்டம்.

கடைசியாக ஏசி கிருமிநாசினி 900, இன்ஜினைப் பளபளப்பாக்கும் டிரெஸ்ஸிங் 600. வரியோடு 1,770. ஜாப் கார்டிலும் இல்லை, எஸ்டிமேட்டிலும் இல்லை, மதியம் வந்த போனிலும் இல்லை. இது எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். அட்வைசருக்கு மாதம் இத்தனை ஸ்ப்ரே, இத்தனை கோட்டிங் விற்க வேண்டும் என்று டார்கெட் உண்டு. உள் அறையில் போர்டில் பேரும் எண்ணும் எழுதி வைத்திருப்பார்கள். 28, 29 தேதிகளில் வண்டி விடுகிறவர்கள் பாவம். நானும் அப்படி எழுதியிருக்கிறேன் டீச்சர். ஒருமுறை ஏசியே வேலை செய்யாத வண்டிக்கு ஏசி ஸ்ப்ரே போட்டதாக எழுதி, வண்டிக்காரர் என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. அட்வைசரிடம் போகாதீர்கள், அவர் சமாதானம் சொல்லுவார். ஒர்க்‌ஷாப் மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல், மூன்று இணைப்புகள்: எஸ்டிமேட், பில், பெட்டியின் படம். மேலே சொன்ன பேட் வரி, ஆயில், வீல், ஸ்ப்ரே-டிரெஸ்ஸிங் நாலும் சேர்ந்து வரும் 3,089 ரூபாய்க்கு கிரெடிட் நோட், அதாவது பில்லில் கழித்ததற்கான சீட்டு, போட்டுத் திருப்பித் தரும்படி நாலு வரி. எழுத்தில் போனால் பெரும்பாலும் பேச்சில்லாமல் தந்துவிடுவார்கள்.

வாசகர், கோரிப்பாளையம்: 2025 டிசம்பரில் சஸ்பென்ஷன் வேலை பார்த்தேன். பில்லில் ஸ்பேருக்கு 28 சதவீத வரி போட்டிருக்கிறார்கள். லேபருக்கு 18. சரிதானா?

தப்பு. கார் உதிரிபாகங்களுக்கு 28 சதவீதம் என்பது 2025 செப்டம்பர் 21-ஓடு போயிற்று. 22-ஆம் தேதியிலிருந்து அவற்றுக்கும் 18-தான். பழைய ஸ்டாக் என்று சாக்குச் சொல்வார்கள். எப்போது வாங்கி வைத்தார்கள் என்பது கணக்கே இல்லை, உங்களுக்கு விற்ற தேதிதான் கணக்கு.

விவசாயி, உசிலம்பட்டி: எங்களூர் ஷெட்டில்தான் வருஷக்கணக்காக வண்டி விடுகிறேன். தெரிந்த தம்பி. வேலை சுத்தம். ஆனால் பில் என்றால் சிகரெட் அட்டையில் 'மொத்தம் 11,000' என்று எழுதித் தருகிறார். ஜிஎஸ்டி பில் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் அவரிடம் இருக்காது. வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாத ஷெட்காரர் ஜிஎஸ்டி பதிவு செய்யவே தேவையில்லை. அதனால் அவர் திருடர் ஆகிவிட மாட்டார். ஆனால் பதிவு இல்லாதவர் உங்களிடம் ஜிஎஸ்டி என்று சொல்லி ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. இன்னொரு வகை இருக்கிறது, தொகுப்பு வரித் திட்டத்தில் பதிவு செய்தவர்கள். அவர்களிடம் எண் இருக்கும், அப்போதும் தனியாக வரி வசூலிக்க முடியாது. வரி வாங்குகிற பில்லில் 15 இலக்க எண் இருக்க வேண்டும். தமிழ்நாடு என்றால் 33-இல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடைப் பெயர் வரும். வேறு யாரோ பருப்புக் கடைக்காரர் பெயர் வந்தால் மேலே நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி டேஷ்போர்டில் போடுங்கள். வேலை முடிந்ததும், "தம்பி, இதுல எழுதிக் குடுப்பா, அடுத்த தடவை எப்ப மாத்துனோம்னு எனக்கே மறந்துபோகுது" என்று நீட்டுங்கள். தேதி, ஓடிய கிலோமீட்டர், ஸ்பேர் என்ன விலை, கூலி எவ்வளவு. லேத்தில் கொடுத்து வாங்கியிருந்தால் லேத்துக்காரர் சீட்டு. சந்தேகப்படுகிறீர்கள் என்று அவருக்குத் தோன்றாது, உங்களுக்கும் கணக்குக் கிடைக்கும்.

ஸ்பேரை நீங்களே மதுரைக்கு வந்து வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் ஸ்பேரில் கிடைக்கும் அஞ்சு பத்தை வைத்துத்தான் அவர் கூலியைக் குறைத்துச் சொல்லியிருப்பார். அதைப் பிடுங்கிக்கொண்டு பழைய கூலியையே கொடுப்பது முறையில்லை. தவிர, நீங்கள் வாங்கி வந்த பாகம் பத்து நாளில் போனால் அவர் கையை விரிப்பார், அதில் தப்பும் இல்லை.

வாசகர், மேலூர்: நான்குவழிச் சாலையில் ஒரு மினி லாரி உரசிவிட்டது. கார் வாங்கி மூன்றரை வருஷம், 1,200 சிசி. கேஷ்லெஸ் என்றார்கள். கடைசியில் 9,300 ரூபாய் கட்டச் சொன்னார்கள். பம்பர் 6,000, ஃபெண்டர் 3,200, பெயின்டிங் 8,000. எல்லாம் வரி சேர்த்து. கேஷ்லெஸ் என்றால் காசில்லாமல்தானே?

அந்தப் பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும். தேய்மானக் கழிவு இல்லாத பாலிசியை, அதாவது நம் ஆட்கள் 'பம்பர் டு பம்பர்' என்று சொல்வதை, நீங்கள் எடுக்கவில்லை என்று தெரிகிறது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி உங்கள் கையிலிருந்து. உலோகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு ஏறும். மூன்று வருஷம் தாண்டி நாலுக்குள் என்றால் 25 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. பெயின்டிங்கை மொத்தமாக ஒரே தொகையாகப் போட்டிருந்தால் அதில் கால் பங்கை பெயின்ட் விலை என்று எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். பாலிசித் தாளில் பொடி எழுத்தில் இதெல்லாம் இருக்கும்.

உங்கள் கணக்கு: பம்பரில் 3,000, ஃபெண்டரில் 800, பெயின்டிங்கில் 1,000. 1,500 சிசிக்குள் உள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம், அதாவது இன்சூரன்ஸ் தராமல் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, 1,000. கூட்டினால் 5,800. மிச்சம் 3,500 எதற்கு? நீங்கள் அனுப்பிய பில்லின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது: முழு வண்டி பாலிஷ் 2,000, இன்சூரன்ஸ் கையாளும் கட்டணம் 1,500. லாரி உரசியது ஒரு பக்கம், பாலிஷ் வண்டி முழுக்க. நீங்கள் கேட்டீர்களா? இன்சூரன்ஸ் கையாளுவது ஒர்க்‌ஷாப்பின் தொழில், அதற்குத் தனிக் காசு என்று உங்களிடம் முன்னால் சொன்னார்களா? சேதத்தைப் பார்த்து மதிப்பிடும் சர்வேயர் போட்ட மதிப்பீட்டுத் தாளின் நகலை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். அதையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் எதை ஏற்றினார்கள் என்பது பளிச்சென்று தெரியும். இந்தத் தாளை வாங்காமல் யாரும் இன்சூரன்ஸ் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

வாசகர், வில்லாபுரம்: பில்லில் தகராறு. பணம் கட்டினால்தான் வண்டி என்கிறார்கள். போலீசுக்குப் போகலாமா?

போய்ப் பயனில்லை. வேலை பார்த்த பொருளை, அந்த வேலைக்கு உரிய கூலி வரும்வரை வைத்துக்கொள்ளலாம் என்று 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவே சொல்கிறது. கேட்டில் நின்று கத்தினால் வாட்ச்மேனுக்குத்தான் தலைவலி. பணத்தைக் கட்டுங்கள், ரொக்கமாக வேண்டாம். அவர்களுடைய நகலிலும் உங்கள் நகலிலும் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வண்டியை எடுத்து வந்து, நிதானமாகக் கடிதம் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

வாசகி, சோழவந்தான்: பழைய பாகங்களைக் கேட்டால் முறைக்கிறார்கள். கேட்பது தப்பா?

வண்டி எடுக்கும்போது கேட்டால் முறைப்பார்கள், அதற்குள் அது குப்பைக்குப் போயிருக்கும். விடும்போதே ஜாப் கார்டில் 'பழைய பாகங்கள் வேண்டும்' என்று எழுதச் சொல்லுங்கள். வாரன்டியில் மாற்றியதைக் கம்பெனி திரும்ப வாங்கிக்கொள்ளும், அதைக் கேட்க முடியாது. பழைய பேட்டரிக்கு விலை கழித்திருந்தால் அதுவும் அவர்களுடையது.

மளிகைக் கடைக்காரர், வாடிப்பட்டி: ஜாப் கார்டு முழுக்க இங்கிலீஷ். எனக்கு ஓடாது. எங்கே கையெழுத்து என்று காட்டுகிறார்கள், போட்டுவிடுகிறேன். என்னதான் செய்வது?

கையெழுத்துக்கு மேலே தமிழில் எழுதுங்கள். யாரும் தடுக்க முடியாது. கிலோமீட்டர், பெட்ரோல் முள் இருக்கும் இடம், நீங்கள் சொன்ன குறை, எஸ்டிமேட் தொகை நாலும் அதில் இருக்கிறதா என்று மட்டும் விரலை வைத்துக் கேளுங்கள். தொகைக் கட்டம் காலியாக இருந்தால் கையெழுத்து வேண்டாம்.

அலங்காநல்லூரிலிருந்து ஒரு பெரியவர் எங்களிடம் வண்டி விடுவார். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் வருஷம் தவறாமல் வருவார். ஜாப் கார்டைத் தன் பக்கம் இழுத்து, பச்சை மையில், கொட்டை எழுத்தில் ஒரே வரி எழுதுவார்: 'எட்டாயிரத்துக்கு மேலே போனால் என்னைக் கேட்காமல் நட்டைத் தொடாதே.' அந்த கார்டு ஷாப் முழுக்கச் சுற்றி வரும், மெக்கானிக் பையன்கள் படித்துச் சிரிப்பார்கள், ஆனால் ஒருத்தனும் தொட மாட்டான். ஒரு தடவை பில் 7,900-இல் நின்றது. வைப்பர் பிளேடு கிழிந்திருந்தது, 400 ரூபாய். போன் போட்டேன்.

"ஐயா, வைப்பர் மாத்தணும்."

"எதுக்குய்யா இப்ப வைப்பரு? மழையவே காணோம்."

மாற்றவில்லை.