கத்தரிக்கோல் எடுத்துக் கொடுக்கிற வேலையா?

தாராபுரத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம்.

"கத்தரிக்கோல் எடுத்துக் கொடுக்கவா பிள்ளையைப் பட்டப்படிப்பு படிக்க வைப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அம்மிணி ஆபரேஷன் தியேட்டர் தொழில்நுட்பத்தைத் தானே விரும்பிக் கேட்கிறாள் என்பதால், அந்த அறைக்குள் நடக்கிற ஒரே ஒரு காரியத்தைச் சொல்கிறேன்.

கர்ப்பப்பைக்கு முன்னால் ஒட்டினாற்போல் இருப்பது சிறுநீர்ப்பை. முன்பே சிசேரியன் ஆனவர்களுக்கு இரண்டும் தழும்பால் பிணைந்து கிடக்கலாம்; அடுத்த அறுவையில் பிரிக்கும்போது சிறுநீர்ப்பை கிழியலாம். வயிற்றை மூடுமுன் கண்டுபிடித்தால் அங்கேயே தைத்துவிடலாம். விட்டுவிட்டால் சிறுநீர் ஓயாமல் கசியும் நிலைக்கு அந்தப் பெண் ஆளாகக்கூடும். சிறுநீர்ப்பைக்குள் பார்க்க சிஸ்டோஸ்கோப் என்ற மெல்லிய குழல் கருவி உண்டு. எல்லாத் தியேட்டரிலும் இராது. அப்போது சிறுநீர்க்குழாயான கதீட்டர் வழியாக மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் கலந்த சலைனை 200, 300 மி.லி. ஏற்றி, நீலம் எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள். சாயம் திசுவில் பிடித்துக்கொண்டால் அடுத்த கசிவு தெரியாது. அதனால் கிருமி நீக்கிய குழந்தைப் பாலை ஏற்றுகிறவர்களும் உண்டு. துடைத்துவிட்டு மறுபடி பார்க்கலாம்!

இதெல்லாம் பையில் உள்ள ஓட்டையை மட்டுமே காட்டும். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய் தையலில் சிக்கியிருந்தால் காட்டாது. அதற்கு, இரு குழாய் வாயிலும் சிறுநீர் பீச்சி வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். சிஸ்டோஸ்கோப் இல்லாவிட்டால் கர்ப்பப்பைக்குள் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பையோ வயிற்றுக்குள் பார்க்கும் 5 மி.மீ. லேப்ராஸ்கோப்பையோ சிறுநீர்த்துவாரம் வழியே செலுத்துவார்கள். பையை 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலால் நிரப்பினால், அடர்த்தி வேறுபாட்டால் பீச்சல் பளிச்சென்று தெரியும். முடிவெடுப்பவர் மருத்துவர். எந்தக் கோணத்து லென்ஸ், எந்தத் திரவம், எது கிருமி நீக்கித் தயாராக இருக்கிறது என்று அவர் கேட்பதற்குள் எடுத்து வைப்பது உங்கள் அம்மிணியின் வேலை. கேட்ட பிறகு தேடுகிறவர் அங்கே நிலைக்க முடியாது.

மூன்றாண்டுப் படிப்பு, ஓராண்டு உள்பயிற்சி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். கோவை, பெருந்துறை, திருப்பூர், நாமக்கல் ஆகிய ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. எங்கே இந்தப் பாடம் உண்டு என்பதை இவ்வாண்டு விளக்கக் குறிப்பேட்டில் பாருங்கள். தனியார் கல்லூரி என்றால் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். மாணவர்களைத் தியேட்டருக்குள் எந்த ஆண்டிலிருந்து விடுகிறார்கள், அங்கே மகப்பேறு அறுவை சிகிச்சை தினமும் நடக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் பணம் கட்டாமல் திரும்பி வாருங்கள்.

தொடக்கச் சம்பளம் சிறியது. இரவுப் பணி உண்டு. இரண்டையும் அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.