கடை, ஆர்டர், உணவு: ரெயில்ஸில் ஜாயின் எழுதுவது பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

ரூபி மொழியில் இணையச் செயலிகள் எழுத உதவும் ரூபி ஆன் ரெயில்ஸில், தரவுத்தள அட்டவணைகளை இணைத்து (ஜாயின்) வினவல் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) எழுதுவதில் உள்ள ஐயங்களை அனுப்பும்படி சென்ற வாரம் நம் குழுவினரைக் கேட்டிருந்தேன். வந்தவற்றுள் ஒத்தவற்றைச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டைக் கொண்டு விடை எழுதியிருக்கிறேன். சிங்கப்பூரில் ஓர் உணவங்காடி நிலையத்துக்கான செயலி என்று வைத்துக்கொள்வோம். அதில் கடைகள், ஆர்டர்கள், ஆர்டரில் உள்ள உணவுகள் என மூன்று அட்டவணைகள் உள்ளன. ஒரு கடைக்குப் பல ஆர்டர்கள் உண்டு. ஓர் ஆர்டருக்குள் பல உணவுகள் உண்டு.

தோ பாயோவிலிருந்து ஒருவர்: அக்கா, கடைப் பட்டியல் பக்கத்தில் 40 கடைகளைக் காட்டுகிறேன். ஆர்டர்களை முன்கூட்டியே ஏற்றும் ‘இன்க்ளூட்ஸ்’ சேர்த்த பிறகும் லாகில் (இயக்கப் பதிவில்) 42 வினவல்கள் தெரிகின்றன. நான் எங்கே தவறினேன்?

பதில்: தரவை எடுக்கும் கன்ட்ரோலரை விட்டுவிட்டு, பக்கத்தை வரையும் வியூ கோப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு கடையின் பெயருக்கு அருகிலும் ஆர்டர்களின் எண்ணிக்கையைக் காட்ட ‘கவுன்ட்’ என்று எழுதியிருப்பீர்கள். ஆர்டர்கள் முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றப்பட்டிருந்தாலும் ‘கவுன்ட்’ அதைப் பொருட்படுத்தாமல் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்திடம் போய்க் கேட்கும். கடைகளுக்கு ஒன்று, ஆர்டர்களுக்கு ஒன்று, பிறகு கடைக்கு ஒன்றாக 40. ஆக மொத்தம் 42. அதே இடத்தில் ‘சைஸ்’ என்று எழுதினால், ஏற்றி வைத்திருப்பதை எண்ணிச் சொல்லிவிடும். வியூவுக்குள் உறவின் மீது (அதாவது கடையின் ஆர்டர்கள் மீது) புதிதாக ‘வேர்’ என்ற வடிகட்டும் நிபந்தனை போட்டாலும் இதே கதைதான்.

ஆயினும் எண்ணிக்கையைக் காட்டுவதற்காக மட்டும் ஆயிரக்கணக்கான ஆர்டர்களை நினைவகத்தில் ஏற்றுவது வீண். கடை எண்ணைக் கொண்டு குழுவாக்கி எண்ணினால் ஒரே வினவலில் முடிந்துவிடும். உறவை முன்கூட்டியே ஏற்ற மறந்த தவறுகள் மேம்பாட்டுச் சூழலிலேயே கண்ணில் பட வேண்டுமென்றால், ரெயில்ஸ் 6.1-இல் வந்த ‘ஸ்ட்ரிக்ட் லோடிங்’ வசதியை இயக்கி வையுங்கள். முன்கூட்டியே ஏற்றாத உறவைத் தொட்டவுடன் அது பிழையை எழுப்பும். எதிர்பாராமல் அது உண்மையான பயனர் முன்னே வெடிக்கக்கூடும் என்பதால் உற்பத்திச் சூழலில் லாகில் எழுதும்படி மட்டும் அமைப்பது என் வழக்கம்.

உட்லண்ட்ஸிலிருந்து ஒருவர்: கடைகளையும் ஆர்டர்களையும் உணவுகளையும் ‘ஜாயின்ஸ்’ கொண்டு இணைத்து மொத்த விற்பனையைக் கூட்டினேன். உண்மைத் தொகையை விட மிக அதிகமாக வருகிறது. ஒரே மதிப்புகளை ஒன்றாக்கும் ‘டிஸ்டிங்ட்’ போட்டால் சரியாகுமா?

பதில்: சரியாகாது; முன்பு கூடுதலாக வந்த தொகை இப்போது குறைவாக வரக்கூடும். இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

101-ஆம் எண் ஆர்டரின் மொத்தம் 12.40 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மசால் தோசை, வடை, தே தாரிக் என மூன்று உணவுகள். ஆர்டர் அட்டவணையில் இது ஒரே வரிசை. உணவு அட்டவணையோடு இணைத்தவுடன் 101 மூன்று வரிசைகளாகிவிடுகிறது. ஒவ்வொரு வரிசையிலும் அதே 12.40 மறுபடி எழுதப்பட்டிருக்கிறது. தரவுத்தளம் கீழ்ப்படிதலோடு கூட்டி 37.20 என்கிறது. கூட்டலில் பிழையே இல்லை. இணைப்புக்குப் பிறகு ஒரு வரிசை என்பது ஓர் ஆர்டரைக் குறிக்கவில்லை, ஓர் உணவைக் குறிக்கிறது என்பதை நாம் கவனிக்கத் தவறியதுதான் பிழை.

இப்போது தொகையின் மீது ‘டிஸ்டிங்ட்’ போட்டால், 101-ஆம் ஆர்டரின் மூன்று 12.40-கள் ஒன்றாகச் சுருங்கும். ஆனால் அன்றே வேறொரு வாடிக்கையாளரும் 12.40 வெள்ளிக்கு வாங்கியிருந்தால் அவருடைய ஆர்டரும் சேர்ந்து மறைந்துவிடும். இந்தப் பிழை சோதனைத் தரவில் அகப்படாது. விற்பனை மிகுந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் வெளிப்படும்.

சரியான வழி, எந்த அட்டவணையின் நெடுவரிசையைக் கூட்டுகிறோமோ அந்த அட்டவணையின் அளவிலேயே நிற்பது. வடை இடம்பெற்ற ஆர்டர்களின் மொத்தம் வேண்டுமென்றால், வடை உள்ள ஆர்டர் எண்களை உள்வினவலாக (வினவலுக்குள் இன்னொரு வினவலாக) எடுத்து, ஆர்டர் எண் அந்தத் தொகுப்பில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். ரெயில்ஸின் தரவுத்தளப் பகுதியான ஆக்டிவ் ரெக்கார்டில் ‘வேர்’ நிபந்தனைக்குள் இன்னொரு ரிலேஷனை (இன்னும் ஓடாத வினவலை) அப்படியே கொடுத்தால் அது உள்வினவலாகவே எழுதப்படும்; எண்களை முதலில் ‘ப்ளக்’ செய்து ரூபிக்குக் கொண்டுவரத் தேவையில்லை. உணவுகளைப் பார்க்கவே தேவையில்லாத அறிக்கை என்றால் அந்த ஜாயினை நீக்கிவிடுங்கள். “பின்னால் தேவைப்படலாம்” என்று இணைத்து வைக்கப்பட்ட அட்டவணைகளை நீக்கியே பல அறிக்கைகளைச் சரிசெய்திருக்கிறேன்.

பொங்கோலிலிருந்து ஒருவர்: இன்று ஒரு ஆர்டரும் வராத கடைகளையும் சுழியத்தோடு காட்ட வேண்டும். ‘லெஃப்ட் அவுட்டர் ஜாயின்ஸ்’ எழுதி, ‘வேர்’ நிபந்தனையில் இன்றைய தேதியைக் கொடுத்தேன். விற்பனை இல்லாத கடைகள் வரவே இல்லை.

பதில்: ‘லெஃப்ட் அவுட்டர் ஜாயின்ஸ்’ தரும் இடப்புற இணைப்பு, பொருந்தும் ஆர்டர் இல்லாத கடைகளையும் கொண்டுவந்தது; உங்கள் ‘வேர்’ நிபந்தனைதான் அவற்றை வெளியேற்றியது. ஆர்டர் இல்லாத கடைக்கு ஆர்டர் தேதியின் இடத்தில் ‘நல்’ (மதிப்பின்மை) இருக்கும். ‘நல்’ இன்றைய தேதிக்குச் சமமா என்று கேட்டால் ஆம் என்ற விடை ஒருபோதும் வராது. எனவே அந்த வரிசை விழுந்துவிடுகிறது. நீங்கள் எழுதியது நடைமுறையில் பொருந்தியவற்றை மட்டும் தரும் உள் இணைப்பாகவே ஆகிவிடுகிறது.

தேதி நிபந்தனை, இணைப்பு விதியைச் சொல்லும் ‘ஆன்’ பகுதிக்குள் இருக்க வேண்டும். கடை மாடலில் (கடை அட்டவணைக்குரிய ரூபி வகுப்பில்) ‘இன்றைய ஆர்டர்கள்’ என்று தனியாக ஒரு ‘ஹேஸ் மெனி’ (ஒன்றுக்குப் பல) உறவை அறிவித்து, தேதி நிபந்தனையை அதன் லாம்டாவில் (அதனோடு தரும் சிறு நிரல் துண்டில்) வையுங்கள். அந்த உறவின் பெயரைக் கொண்டு இடப்புற இணைப்பு எழுதினால், நிபந்தனையை ரெயில்ஸ் ‘ஆன்’ பகுதியில் சேர்த்துவிடும். உருவாகும் எஸ்க்யூஎல் (தரவுத்தள மொழி) வாக்கியத்தைக் காட்டும் ‘டு எஸ்க்யூஎல்’ அழைத்து ஒரு முறை கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இன்னொரு பள்ளமும் அருகிலேயே உள்ளது. குழுவாக்கிய பிறகு நட்சத்திரக் குறியிட்டு எண்ணினால், விற்பனை இல்லாத கடைக்கு 1 என்று வரும், ஏனெனில் ‘நல்’ நிறைந்த அந்த ஒரு வரிசையும் வரிசைதானே. ஆர்டரின் ஐடி நெடுவரிசையை எண்ணுங்கள். ‘நல்’ எண்ணிக்கையில் சேராது, 0 வரும். விற்பனையே இல்லாத கடைகளின் பட்டியல் மட்டும் போதுமென்றால், ரெயில்ஸ் 6.1 முதல் ‘வேர்’ உடன் ‘மிஸ்ஸிங்’ என்று எழுதினாலே போதும்.

பிடோக்கிலிருந்து ஒரு மாணவர்: ‘ப்ரீலோட்’, ‘ஈகர் லோட்’, ‘இன்க்ளூட்ஸ்’ மூன்றுக்கும் வேறுபாடு என்ன? அதோடு, வடை வாங்கிய ஆர்டர்களை ‘இன்க்ளூட்ஸ்’ மூலம் தேடினால் ஒவ்வோர் ஆர்டரிலும் வடை மட்டுமே தெரிகிறது. தோசை எங்கே போனது?

பதில்: ‘ப்ரீலோட்’ உறவுக்குத் தனி வினவல் அனுப்பும். ‘ஈகர் லோட்’ இடப்புற இணைப்போடு ஒரே வினவலில் எல்லாவற்றையும் எடுக்கும். ‘இன்க்ளூட்ஸ்’ சூழ்நிலையைப் பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்; உணவு அட்டவணையின் மீது ஹேஷ் (பெயர்–மதிப்பு இணை) வடிவில் நிபந்தனை இருந்தால் ‘ஈகர் லோட்’ பக்கம் போகும்.

உங்கள் தோசை மறைந்த காரணமும் அதுவே. ஒரே வினவலில் வடை என்ற நிபந்தனை இருப்பதால் வடை வரிசைகள் மட்டுமே திரும்பி வருகின்றன. அந்த ஆர்டரின் உணவுகள் அவ்வளவுதான் என்று ரெயில்ஸ் நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆர்டர்களைத் தேர்ந்தெடுப்பது ஒரு வேலை, அவற்றின் உணவுகளைக் காட்டுவது இன்னொரு வேலை. தேர்ந்தெடுக்க நான் மேலே சொன்ன உள்வினவலைப் பயன்படுத்தி, காட்டுவதற்கு ‘ப்ரீலோட்’ சேருங்கள். சொந்த நிரலில் ‘இன்க்ளூட்ஸ்’ எழுதுவதையே நான் குறைத்துக்கொண்டேன்; எது நடக்கும் என்று ஊகிப்பதை விட எது நடக்க வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதிவிடுவது எனக்கு எளிதாக இருக்கிறது.

ஜூரோங்கிலிருந்து ஒருவர்: அஞ்சல் குறியீட்டை வைத்து முகவரிகளையும் விநியோக வட்டாரங்களையும் இணைக்கிறேன். சில வாடிக்கையாளர்கள் மட்டும் காணாமல் போகிறார்கள்.

பதில்: காணாமல் போனவர்கள் ஷென்டன் வே, ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கத்தவர்களா என்று பாருங்கள். நம் அஞ்சல் குறியீடு 1995 முதல் ஆறு இலக்கம் கொண்டது. நகர மையத்தில் பல குறியீடுகள் சுழியத்தில் தொடங்குகின்றன. மரினா பே சேண்ட்ஸின் குறியீடு 018956. ஒரு விரிதாளில் திறந்து சேமித்தால் போதும், அது 18956 ஆகிவிடும். ஒரு பக்கம் ஆறு இலக்கம், மறுபக்கம் ஐந்து, இரண்டும் ஒருபோதும் இணையா.

நான் முன்பு வேலை செய்த ஒரு நிறுவனத்தில் இதே காரணத்தால் நகர மையத்து மதிய உணவு ஆர்டர்கள் இரண்டு நாள் எந்த ஓட்டுநரின் பட்டியலிலும் வரவில்லை. உள் இணைப்பு பொருந்தாதவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும் என்பதால் பிழைச் செய்தி எதுவும் இல்லை. தொலைபேசி அழைப்புகள்தாம் செய்தி சொல்லின. குறியீட்டை எண்ணாக அன்றி எழுத்துச் சரமாகச் சேமித்து, பழைய பதிவுகளுக்கு முன்னால் சுழியம் நிரப்பி, ஆறு இலக்கம் உள்ளதா என்று மாடலில் சரிபார்க்கும் விதியையும் சேருங்கள். பிறகு இடப்புற இணைப்பில் வட்டாரம் ‘நல்’ ஆக உள்ள முகவரிகளைத் தினமும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

தெம்பனிஸிலிருந்து ஒருவர்: பொருள் சேவை வரி விகிதம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய பில்களுக்கு அந்தந்தக் காலத்து விகிதத்தை ஜாயின் மூலம் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். 2022 இறுதி வரை 7 விழுக்காடு, 2023-இல் 8, 2024 ஜனவரி 1 முதல் 9. விகித அட்டவணையில் தொடக்க நாள், முடிவு நாள் என இரு நெடுவரிசைகள் வைத்து, பில்லின் தேதி தொடக்க நாளன்றோ அதற்குப் பின்னரோ இருக்க வேண்டும், முடிவு நாளுக்கு முன் இருக்க வேண்டும் அல்லது முடிவு நாள் ‘நல்’ ஆக இருக்க வேண்டும் என்று ‘ஆன்’ பகுதியில் எழுதுங்கள். இங்கே அயல் சாவி (மற்ற அட்டவணையின் வரிசையைச் சுட்டும் நெடுவரிசை) இல்லாததால் வழக்கமான உறவு அறிவிப்பு உதவாது. ‘ஜாயின்ஸ்’ மெத்தடுக்குள் எஸ்க்யூஎல் வாக்கியத்தையே சரமாகக் கொடுத்துவிடுங்கள். இரண்டு விகிதங்களின் காலம் ஒரு நாள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலும் அந்நாளைய பில்கள் இரட்டிக்கும். உட்லண்ட்ஸ் நண்பரின் 37.20 நினைவிருக்கட்டும்.

ஆயினும் என் கருத்து, பில் போட்ட கணத்தில் விதித்த விகிதத்தை அந்தப் பில்லிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பதே. ஆண்டு விற்றுமுதல் ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டாத கடைக்கு வரிப் பதிவு கட்டாயமில்லை. தேதியை மட்டும் பார்க்கும் ஜாயின், வரியே வாங்காத காப்பிக் கடைக்கும் 9 விழுக்காடு போட்டுவிடும்.

ஈசூனிலிருந்து ஒருவர்: தினசரி அறிக்கையில் காலைப் பலகாரக் கடையின் விற்பனை முந்தைய நாளில் விழுகிறது. ஜாயினில் கோளாறா?

பதில்: ஜாயினில் இல்லை. ரெயில்ஸ் நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) சேமிக்கிறது. நாம் எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஆகவே காலை 8 மணிக்கு முன் விற்ற இட்லியெல்லாம் நேற்றைய கணக்கில் சேரும். செயலியின் நேர வலயத்தைச் சிங்கப்பூர் என்று அமைத்தால் ‘வேர்’ நிபந்தனையில் கொடுக்கும் நாள் வீச்சைத் தானே மாற்றிக்கொள்ளும். தேதிவாரியாகக் குழுவாக்கும் எஸ்க்யூஎல்லை மட்டும் நீங்களே கவனிக்க வேண்டும்: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வழக்கமான நேர நெடுவரிசைக்கு முதலில் யுடிசி என்று சொல்லி, பிறகு சிங்கப்பூருக்கு மாற்ற வேண்டும். இரண்டாவதை மட்டும் எழுதினால் நேரம் தவறான திசையில் நகரும்.

செங்காங்கிலிருந்து ஒருவர்: உறவுகளை அறிவித்துவிட்டாலே ஜாயின் வேகமாக ஓடும் அல்லவா?

பதில்: மாடலில் எழுதும் அறிவிப்பு ரூபிக்கு மட்டுமே தெரியும்; வேகம் தருவது தரவுத்தளத்தில் உள்ள இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அகவரிசை). ரெயில்ஸ் 5 முதல் மைக்ரேஷனில் (அட்டவணை அமைப்பை மாற்றும் நிரலில்) ‘ரெஃபரன்சஸ்’ என்று எழுதினால் இண்டெக்ஸ் தானாகவே உருவாகும். அதற்கு முந்தைய அட்டவணைகளிலும், ஐடி நெடுவரிசையை வெறும் எண்ணாகச் சேர்த்த இடங்களிலும் அது இருக்காது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் இன்னோடிபி சேமிப்புப் பொறி அயல் சாவிக்குத் தானே இண்டெக்ஸ் அமைத்துக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் அமைக்காது. வினவல் எப்படி ஓடுகிறது என்று காட்டும் ‘எக்ஸ்ப்ளெயின்’ அழைத்துப் பாருங்கள்: ஒரு கடையின் ஆர்டர்களை மட்டும் கேட்கும்போது ஆர்டர் அட்டவணையின் பெயருக்கு முன்னால் ‘சீக் ஸ்கேன்’ (முழு அட்டவணையையும் படிப்பது) என்று வந்தால், அட்டவணையும் பெரியதென்றால், கடை ஐடி நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் இருக்கிறதா என்று ‘ஸ்கீமா’ கோப்பில் தேடுங்கள்.