ரெண்டையும் நம்புங்க!

கேள்வி: எம்பிஏ நுழைவுத் தேர்வான ஜிமேட்ல 'இந்த ஆச்சரியத்தை எது விளக்குது'ன்னு வர்ற கேள்வில எப்பவும் மாட்டிக்கிறேன் சார், என்ன பண்றது?

பதில்: ஒண்ணுக்கொண்ணு முரணாத் தெரியுற மாதிரி கொடுத்த ரெண்டு தகவல்ல ஒண்ணைப் பொய்னு காட்டப் பாக்குறீங்கன்னு நினைக்கிறேன், அங்கதான் கோட்டை விடுறீங்க. ரெண்டும் உண்மைன்னே வெச்சுக்கணும். உதாரணத்துக்கு, 1973ல கலிபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்துல மேற்படிப்புக்கு அப்ளை பண்ணின ஆண்கள்ல 44 சதவீதம் பேருக்கு சீட் கிடைச்சுது, பெண்கள்ல 35தான், ஆனா துறை துறையா பிரிச்சுப் பாத்தா பெரும்பாலான இடத்துல பெண்களுக்கு எதிரா பாரபட்சமே தெரியல, எப்படி? சீட்டே குதிரைக்கொம்பா இருந்த துறைகளுக்குத்தான் பெண்கள் அதிகமா அப்ளை பண்ணியிருந்தாங்க. இதான் ஆன்சர். 'ஆண்கள் நல்லா படிச்சவங்க'ன்னு ஒரு ஆப்ஷன் இருந்தா டிக் அடிச்சுடாதீங்க, அது முதல் பாதியை மட்டும் விளக்கிட்டு துறைக் கணக்கை அம்போன்னு விட்டுடும்.