மிஷின் ஸ்கூல்

கேள்வி: ஈப்போ செயின்ட் மைக்கல் மாதிரியான மிஷின் ஸ்கூல்களை நடத்திய லா சால் பாதிரியார்கள் நமக்குக் கல்வி கொடுக்க வந்தார்களா, மதம் மாற்ற வந்தார்களா?
– வாசகர் ஒருவர், சுங்கை சிப்புட்

பதில்: 'மிஷன்' என்று எழுதியிருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். 'மிஷின்' என்று எழுதிவிட்டீர்கள்.

என் அப்பாயிக்கும் அது மிஷின்தான். ரப்பர் தோட்டத்தில் அவர் அறிந்த மிஷின் ஒன்றே ஒன்று. உறைந்த பாலை இந்தப் பக்கம் விட்டால் அந்தப் பக்கம் தகடாக வரும். கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, தன் மகனை மிஷின் ஸ்கூலில் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், "பச்சப்புள்ளய ஏன்யா மிஷின்ல விடுறாங்க?" என்று பதறினார். பையன் லீவுக்கு வந்தான். இஸ்திரி கலையாத சட்டை. லயத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளோடு பேச்சில்லை. அப்பா 'டேடி' ஆகியிருந்தார். அப்பாயி மேலும் கீழும் பார்த்தார். "சொன்னேன்ல, பட்டையா வந்துட்டான். இனி புகைபோட்டுக் காயவைக்க வேண்டியதுதான்."

சரி, கேள்விக்கு வருகிறேன். அவர்கள் பாதிரியார்களே இல்லை, பிரதர்கள். குருப்பட்டம் வாங்காத துறவிகள். பூசை வைக்க மாட்டார்கள், பாடம் வைப்பார்கள். 1680 வாக்கில் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் சபையைத் தொடங்கிய ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால்தான் பாதிரியார். வசதியான வீட்டுப் பிள்ளை. பஞ்ச காலத்தில் சொத்தை ரொட்டியாக்கி ஏழைகளுக்குக் கொடுத்தவர். பள்ளியில் கட்டணமும் வாங்கவில்லை.

எனக்குப் பிடித்தது வேறு. பிள்ளைகளுக்கு முதலில் லத்தீனை வாசிக்கக் கற்றுக்கொடுத்த காலம் அது. அவர் அதைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, வீட்டில் பேசும் பிரெஞ்சில் ஆரம்பி என்றார். அந்த மனிதரின் பிரதர்கள் 1852இல் பினாங்குக்கு வந்து நமக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? இங்கிலீஷ்! அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. வெள்ளைக்காரனுக்குக் கிராணி தேவைப்பட்டான், நமக்குக் கிராணி வேலை தேவைப்பட்டது.

மதம்? மிஷனரிகள்தானே, யாராவது வந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பார்கள்? ஆனால் நான் பார்த்தவரை, நெற்றியில் பட்டையோடு போனவர்கள் பெரும்பாலும் பட்டையோடுதான் திரும்பினார்கள். மாறியது நாக்கு.

தாய்மொழியில் ஆரம்பித்தவை நம் தோட்டத்துப் பள்ளிகள். பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. துரைமார் சிலர் ஒரு கொட்டகையைக் காட்டிக் கணக்கை முடித்தார்கள். அந்த வழியில் வந்த பள்ளிகளுக்காக இன்று மேடை மேடையாக 'தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு' என்று முழங்கும் தலைவர் ஒருவரிடம், உங்கள் பேரன் எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்று இதே பக்கத்தில் கேட்டேன். மறுமாதமே பத்திரிகையை நிறுத்தச் சொல்லிவிட்டார். என் கேள்விக்குப் பதிலும் வரவில்லை, பழைய சந்தா பாக்கி 36 வெள்ளியும் வரவில்லை.