அம்மாவின் ஈ.பி.எஃப். காசில் யோகட் போடலாமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மா வேலையிலிருந்து நின்று ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு எடுத்திருக்கிறார். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நாலு வீட்டு மாடுகளிலிருந்து தினம் 20 லீட்டர் பால் கிடைக்கும். பெரியப்பா மகனும் நானும் பாதிப் பாதி போட்டு யோகட் செய்து டவுன் கடைகளுக்குக் கொடுக்க நினைக்கிறோம். 100 லீட்டர் மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா? கம்பெனியாகப் பதியவேண்டுமா?

பதில்: மெஷின் வேண்டாம் தங்கச்சி, இப்போதைக்கு.

தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வந்துகொண்டே இருக்கிறது. வாட்டி, அரைத்து, காயவைத்துச் சலிக்கும் வேலை ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகிறது. அங்கே பெரிய மெஷினுக்கு வேலை உண்டு. யோகட் அப்படியில்லை, அது தொகுதி உற்பத்தி: ஒரு தடவைப் பாலை ஒன்றாகப் போட்டு, முடிந்தபின்தான் அடுத்தது. பாலை 85 பாகைக்கு மேல் காய்ச்சி, 43 பாகை வரை ஆறவைத்து, கல்ச்சர் (பாலை உறையவைக்கும் பக்டீரியா) கலந்து கப்பில் ஊற்றி, நாலு மணிநேரம் போல அதே சூட்டில் வைத்தால்தான் உறையும். உங்கள் ஊர்க் குளிரில் அந்தச் சூட்டைக் காப்பதுதான் பெரிய பாடு. சூடு இறங்கினால் ஒரு கப் இல்லை, அன்றைய பால் முழுக்கப் போச்சு. அதனால் 20 லீட்டருக்கான பாத்திரம், தெர்மோமீட்டர், சூடு காக்கும் பெட்டி, நல்ல ஃப்ரிட்ஜ் போதும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை புல் காய்ந்து பாலும் குறையும். அப்போது 100 லீட்டர் மெஷின் சும்மா கிடக்கும்.

காசு மாட்டிக்கொள்ளும் இடம் கடைதான். 80 மில்லிலீட்டர் கப் என்றால் 20 லீட்டருக்குச் சுமார் 250 கப். கடைக்காரர் ஒரு கிழமை கடன் கேட்டால் 1,750 கப்பின் காசு வெளியே நிற்கும். அதோடு திகதி முடிந்து திரும்பி வருவதும் உங்கள் தலையில்தான். கையிருப்பை இதற்கு வையுங்கள். அம்மாவின் காசில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடவேண்டாம் என்பேன்.

பதிவு? 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பெனிச் சட்டப்படி ஒருவரே கம்பெனி தொடங்கலாம். நட்டம் கம்பெனியோடு நிற்கும் என்பார்கள். ஆனால் சின்னக் கம்பெனிக்குக் கடன் தரும் பேங்க் உங்களிடமும் பிணை கேட்கும், வருடா வருடம் கணக்கு, படிவம் வேறு. இரண்டு பேர் காசு போட்டுச் சேர்ந்து நடத்தும் பங்குடைமையில் வில்லங்கம் அதிகம்: தொழில் பெயரில் அண்ணன் கடன் வாங்கினால் நீங்களும் கட்டவேண்டிவரும். போடும் மூலதனம் 1,000 ரூபாயைத் தாண்டினால் எழுத்தில் ஒப்பந்தமும் வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது.

தனி வியாபாரமாகவே தொடங்குங்கள். ஒரு பெயர் வைத்து விற்பதென்றால் பிரதேச செயலகத்தில் பதியலாம். முதலில் பீ.எச்.ஐ.யை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள். அப்புறம் அண்ணன்? அவரிடம் த்ரீவீலர் இருந்தால் பாதிக் காசு வாங்காதீர்கள். கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க, காசு வசூலிக்க, கப்புக்கு இவ்வளவு என்று கமிஷன் பேசுங்கள்.