ஆடு வாங்கப் போனால் ஆட்டையைப் போடுகிறார்களே!

ஆன்லைனில் மலிவாக ஆடு, கோழி, நாய் வாங்கிய வாசகர்களின் கடிதங்கள் குவிந்துவிட்டன. வருத்தத்தையும் சிலேடையாக எழுதியிருக்கிறார்கள். ரசித்துப் படித்தேன்.

கேள்வி: முகநூலில் 40 கிலோ ஜமுனாபாரி இன ஆட்டுக்கிடா 2,500 ரூபாய் என்று விளம்பரம். ராணுவத்தில் இருக்கிறாராம், மாற்றல் வந்துவிட்டதாம், அதனால் விற்கிறாராம். அடையாள அட்டைகூட வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முன்பணம், வண்டி வாடகை, செக்போஸ்ட் அனுமதி என்று 6,800 ரூபாய் கட்டிவிட்டேன். ஆடு வரவில்லை; காசைத்தான் ஆட்டையைப் போட்டுவிட்டார்! – வாசகர், திண்டுக்கல்

பதில்: இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் 1930-க்குப் போன் போடுங்கள். சைபர் மோசடிக்கான உதவி எண் அது. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். வெளியே எடுப்பதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும். பணம் அனுப்பிய ரசீதில் உள்ள பரிவர்த்தனை எண், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அவருடைய போன் நம்பர் மூன்றும் வேண்டும். கோபத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். ஆள் யாரென்றே தெரியாத மோசடி என்பதால் இது போலீஸ் விவகாரம். பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவில் வரும்.

மற்றவர்களுக்காக ஒரு கணக்கு. 40 கிலோ ஆடு 2,500 ரூபாய் என்றால் உயிர் எடை கிலோ 63 ரூபாய்கூட வரவில்லை. கறிக்கோழியே கடையில் அந்த விலைக்குக் கிடைக்காதே! உங்கள் ஊர்ச் சந்தையில் உயிர் எடை என்ன போகிறது என்று விசாரித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். அடையாள அட்டையை நம்பவே வேண்டாம். வேறு யாரோ ஒரு வீரரின் அட்டைப் படத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஏமாற்றும் கும்பல்கள் உண்டு.

வீடியோ காலில் வரச் சொல்லி, ஆட்டின் வாயைத் திறந்து கீழ்த்தாடைப் பல்லைக் காட்டச் சொல்லுங்கள். பால்பல் விழுந்து இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஒரு வயது தாண்டிய ஆடு. ஆடே இல்லாதவர் என்றால் அவர் கதை அங்கேயே பல்லிளித்துவிடும். ஆடு நிஜமாகவே இருந்தாலும், நேரில் போய்ப் பார்க்கும்வரை ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

கேள்வி: 'நாட்டுக்கோழிக் குஞ்சு, மலிவு விலை' என்று 50 வாங்கினேன். வளர்ந்தபின் பார்த்தால் அத்தனையும் சேவல். முட்டை வியாபாரம் செய்ய நினைத்தேன், வருமானம் முட்டையாகிவிட்டது. – வாசகி, நாமக்கல்

பதில்: முட்டைக்கோழிக் குஞ்சு பொரிப்பகங்களில் பொரித்த அன்றே ஆண், பெண் பிரித்துவிடுவார்கள். ஆணால் அவர்களுக்குப் பயனில்லை. கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். தெருவில் பச்சை, ரோஸ் என்று சாயம் ஏற்றி விற்பதும் பெரும்பாலும் இவைதான். உங்களுக்கு வந்தவையும் அப்படித்தான் இருக்க வேண்டும். அடுத்த முறை கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையங்களில் கேட்டுப் பாருங்கள். வரிசையில் காத்திருந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: 4,000 ரூபாய்க்கு லாப்ரடார் குட்டி. வந்த ஐந்தாம் நாள் ரத்தக் கழிச்சல், பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார் டாக்டர். இறந்துவிட்டது. விற்றவர் "அது உங்கள் பொறுப்பு" என்கிறார். குட்டி வாங்கிய என் தலையில் குட்டு. நாய் விற்ற காசு குரைக்காதாமே, உண்மைதானா? – வாசகர், ஆவடி

பதில்: குரைக்க வைக்கலாம். பார்வோ கிருமி உடம்பில் நுழைந்து நோயாக வெளிப்பட பொதுவாக மூன்று முதல் ஏழு நாள் ஆகும். ஐந்தாம் நாளிலேயே கழிச்சல் வந்தது என்றால் தொற்று விற்றவரிடமே தொடங்கியிருக்க வாய்ப்பு உண்டு. டாக்டரிடம் எழுத்தில் சான்று வாங்குங்கள். 2017 நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி, விற்பனைக்காக நாய் வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள், குரல் இறங்கும்.

இறங்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குச் சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். மருந்து பாட்டிலில் இருந்து உரித்த ஸ்டிக்கரும் டாக்டரின் பதிவு எண்ணும் இல்லாமல் பேனாவால் தேதி மட்டும் எழுதியிருந்தால், அதுவே உங்களுக்கு நல்ல ஆதாரம்.

இன்னொரு குட்டி வாங்குவதாக இருந்தால், வீட்டைக் கிருமி நீக்கம் செய்வது பற்றி டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். பார்வோ கிருமி மாதக்கணக்கில் சாகாது.

கேள்வி: பச்சைக்கிளி 600 ரூபாய்க்கு வருகிறது. வாங்கினால் யாராவது என்னைக் கிழிப்பார்களா? – வாசகர், காரைக்குடி

பதில்: வனத்துறை கிழிக்கும். நம்மூர்ப் பச்சைக்கிளியை விற்பதும் வாங்குவதும் கூண்டில் வைப்பதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமைக்கும் இதே சட்டம்தான். பறவை ஆசை விடவில்லை என்றால், நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் பட்ஜி ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்.